மெத்தனால் எரிபொருள் கலத்துக்குக் கணித மாதிரி: கசிவிலிருந்து தொடங்குங்கள்

மெத்தனாலை ஆக்சிஜனோடு வினைபுரியவைத்து நேரடியாக மின்சாரம் எடுப்பது நேரடி மெத்தனால் எரிபொருள் கலம். அதன் கோட்பாட்டு மின்னழுத்தம் 1.21 வோல்ட். சுமையே இல்லாமல் அளந்தாலும் 0.6, 0.7 வோல்ட்தான் கிடைக்கும். கேத்தோடில், அதாவது ஆக்சிஜன் பக்க மின்முனையில், நடக்கும் வினை மந்தமானது. அதோடு இரு மின்முனைகளையும் பிரிக்கும் சவ்வைக் கடந்து கேத்தோடுக்குப் போகும் மெத்தனால் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. அந்தக் கசிவைக் கடைசியில் ஒட்டும் திருத்தமாக வைக்காதீர்கள். முதல் சமன்பாட்டிலேயே அது இருக்க வேண்டும்.

முதலில் ஆனோடின், அதாவது மெத்தனால் பக்க மின்முனையின், மெத்தனால் கணக்கு. உள்ளே வருவது = வினையில் செலவாவது + கசிவது. ஒரு மெத்தனால் மூலக்கூறு 6 எலக்ட்ரான் தருவதால், செலவு என்பது மின்னோட்ட அடர்த்தியை 6 × 96,485 (ஃபாரடே மாறிலி: ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம், கூலோமில்) ஆல் வகுத்தது. வருவது என்பது நிறைக் கடத்தல் குணகம் × (ஊட்டத்தின் செறிவு − வினையூக்கி அடுக்கின் செறிவு). கசிவு என்பது பரவல் குணகம் × வினையூக்கி அடுக்கின் செறிவு ÷ சவ்வின் தடிமன்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஊட்டம் 1 மோலார், அதாவது கன செ.மீ.க்கு 0.001 மோல். நிறைக் கடத்தல் குணகம் நொடிக்கு 0.0008 செ.மீ. நாஃபியான் 117 என்ற புரோட்டான் கடத்தும் சவ்வின் தடிமன் 0.018 செ.மீ., பரவல் குணகம் நொடிக்கு 0.000005 ச.செ.மீ. என்று எடுத்தால், சுமையற்ற நிலையில் அடுக்கின் செறிவு 0.74 மோலார், கசிவு ச.செ.மீ.க்கு 120 மில்லி ஆம்பியருக்குச் சமம். 200 மில்லி ஆம்பியர் எடுக்கும்போது செறிவு 0.42 ஆகி, கசிவு 68 ஆக இறங்குகிறது. புரோட்டான் ஒன்று இரண்டரை நீர் மூலக்கூறுகளை இழுத்துப் போகிறது, மெத்தனாலும் கூடவே போகிறது என்று சேர்த்தால் கசிவு 84. இந்த இழுவையை விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை.

கேத்தோடின் மின்னழுத்த இழப்பைத் தரும் மடக்கைக்குள் (log) வெளி மின்னோட்டத்தோடு கசிவு மின்னோட்டத்தையும் கூட்டுங்கள். ஆனோடில் செறிவு மிகுந்தால் வினைவேகம் அதைச் சார்ந்திராது. குறைந்தால் நேர்விகிதத்தில் விழும். இரண்டையும் தழுவும் வேகச் சமன்பாடு தேவை. சவ்வின் கடத்துதிறன் 0.1 சீமென்ஸ்/செ.மீ. என்றால் 200 மில்லி ஆம்பியரில் இழப்பு 36 மில்லி வோல்ட், பாகங்கள் தொடும் இடங்களின் மின்தடை தனி.

எல்லா மாறிலிகளையும் ஒரே மின்னோட்ட-மின்னழுத்த வளைவுக்குப் பொருத்தினால் ஒன்றின் பிழையை இன்னொன்று மறைத்துவிடும். கேத்தோடில் ஹைட்ரஜன் செலுத்தி ஆனோடு வளைவைத் தனியே எடுங்கள். நைட்ரஜன் செலுத்தி, கடந்து வரும் மெத்தனாலை ஆக்சிஜனேற்றிக் கசிவை அளங்கள். அந்த அளவீட்டில் புரோட்டான் எதிர்த்திசையில் ஓடுவதால் இழுவையின் குறி மாறும்.

லிட்டரையும் கன செ.மீ.யையும் குழப்பினால் விடை ஆயிரம் மடங்கு தவறும்.

1 மோலாரில் பொருத்திய மாறிலிகளைத் தொடாமல் 2 மோலாரைக் கணியுங்கள். சுமையற்ற மின்னழுத்தம் இறங்கி, எல்லை மின்னோட்டம் (கலம் தரக்கூடிய உச்சம்) ஏற வேண்டும். முதலாவது அசையாவிட்டால் கேத்தோடு சமன்பாட்டில் கசிவு விடுபட்டிருக்கிறது.