ரயில் மாடல் அலமாரியைச் சுவரில் மாட்டுவது: இரட்டைப் பட்டை முறை, படிப்படியாக

ரயில் மாடல் சேர்ப்பவர்கள் அலமாரி மாட்டும்போது எஞ்சின்களின் எடையை நினைத்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது கண்ணாடிக்கு.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எச்ஓ அளவு மாடல்களுக்கு, அதாவது உண்மை ரயிலில் 87இல் ஒரு பங்கு (1:87) அளவுக்கு, 120 செ.மீ. அகலம், 80 செ.மீ. உயரம், 12 செ.மீ. ஆழத்தில் எட்டு அடுக்கு அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கில் மூன்று பயணிகள் பெட்டிகளும் ஓர் எஞ்சினும் நிற்கும். எச்ஓ பெட்டிகளுக்கு அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைக்கும் எடை, ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 30 செ.மீ. பெட்டிக்கு அது ஏறத்தாழ 200 கிராம். எஞ்சின் 400 கிராம் என்றால் எட்டு அடுக்கும் நிறைந்தபின்னும் மாடல்கள் மொத்தம் 8 கிலோதான். ஆனால் 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டால் அதுவே 9.6 கிலோ. பிளைவுட் சட்டம், தட்டுகள், முதுகுப் பலகை, மாட்டும் பட்டைகள் (சுவரில் ஒன்று, அலமாரியில் ஒன்று, ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்பவை) எல்லாம் சேர்ந்து இன்னும் 17, 18 கிலோ வரும். ஆக, 35 கிலோ.

அக்ரிலிக் போட்டால் கண்ணாடியின் எடை பாதியாகும். எனக்குப் பிடிக்காது. துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுத்துக்கொள்ளும். தூசி வராமல் இருக்கத்தானே கதவே போடுகிறோம்!

இந்த 35 கிலோ தட்டிலிருந்து பக்கப் பலகைக்கும், அங்கிருந்து மேல் பட்டைக்கும், பட்டையிலிருந்து ஸ்க்ரூ வழியாகச் செங்கல்லுக்கும் போக வேண்டும். இந்த வழியில் எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கேதான் அலமாரி விழும். எல்லோரும் கடைசிக் கண்ணியான சுவரை மட்டுமே பார்க்கிறார்கள். நாம் முதலிலிருந்து போவோம்.

படி 1: அலமாரியின் முதுகு

கடையில் வாங்கிய அலமாரி என்றால் திருப்பிப் பாருங்கள். முதுகில் 3 மி.மீ. பலகையை ஸ்டேபிள் அடித்து ஒட்டியிருப்பார்கள். அந்தப் பலகையில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டால், சுவரில் ஆங்கர் போல்ட்டே போட்டிருந்தாலும் பயனில்லை. முதுகு மட்டும் சுவரில் நிற்கும், அலமாரி தரையில் கிடக்கும்.

உள்ளே, மேல் பலகைக்கு அடியில், முதுகை ஒட்டி 18 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை நீளவாக்கில் வையுங்கள். மரப்பசை தடவி, இரண்டு பக்கப் பலகைகளிலிருந்தும் மேல் பலகையிலிருந்தும் அதற்குள் ஸ்க்ரூ இறங்க வேண்டும். வெளியே மாட்டும் பட்டையை முதுகு வழியாக இந்த உள்பட்டையோடு சேர்த்து முடுக்கிவிட்டால் எடை பக்கப் பலகைகளிலிருந்து நேராகப் பட்டைக்கு வந்துவிடும்.

படி 2: பட்டை அறுப்பது

இந்த இரட்டைப் பட்டையைப் பிரெஞ்ச் கிளீட் என்று சொல்வார்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் 20 செ.மீ. அகலத் துண்டு எடுத்து, நடுவில் 45 டிகிரி சாய்வாக நீளவாக்கில் அறுத்தால் இரண்டு பட்டைகள் கிடைக்கும். சாய்வாக அறுக்கும் ரம்பம் இல்லையென்றால் பலகை வாங்கும் இடத்திலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள். கை ரம்பத்தால் இந்தச் சாய்வு நேராக வராது.

ஒன்று சுவரில், சாய்வு மேலே பார்த்தபடி, கூர்முனை சுவரைவிட்டு வெளிப்பக்கமாக. மற்றொன்று அலமாரியில், சாய்வு கீழே பார்த்தபடி, கூர்முனை சுவர்ப்பக்கமாக. மாட்டும்போது அலமாரிப் பட்டை, சுவருக்கும் சுவர்ப் பட்டைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் இறங்கி உட்காரும். எடை கூடக்கூடச் சுவரை நோக்கியே இழுபடும். அதனால்தான் கொக்கி, கோண இரும்பு எல்லாவற்றையும்விட எனக்கு இது பிடிக்கிறது.

இரண்டு கூர்முனைகளையும் உப்புத்தாள் போட்டு 2 மி.மீ. மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முனை பள்ளத்தின் அடியில் முட்டி, சாய்வுகள் ஒன்றோடொன்று சேராது. அலமாரியின் அடிப்பக்கமும் அதே 18 மி.மீ. தடிமனில் ஒரு பட்டை வேண்டும். அது இல்லையென்றால் அலமாரி அடியில் சுவரை நோக்கிச் சாய்ந்து நிற்கும், தட்டுகளும் முன்னோ பின்னோ சரியும்.

படி 3: என்ன சுவர், எந்த பிளக்

அலமாரி மறைக்கப்போகும் இடத்தில் சின்னதாக ஒரு சோதனைத் துளை போடுங்கள். முதலில் வருவது பூச்சின் தூள். அதைத் தாண்டி சிவப்புத் தூள் வந்தால் செங்கல். பிட் முன்னேறவே மறுத்து, சாம்பல் நிறத் தூள் வந்தால் கான்கிரீட். வெள்ளையாக, மாவு போல் சுலபமாக வந்தால் இலேசு பிளாக். திடீரென்று பிட் உள்ளே குதித்தால் ஹாலோ பிளாக் அல்லது ஜிப்சம் பலகை.

செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் 10 மி.மீ. நைலான் பிளக் (துளைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்கவைக்கும் உறை), 7 அல்லது 8 மி.மீ. ஸ்க்ரூ. விரியும் இரும்பு ஆங்கரைச் செங்கல்லில் போடாதீர்கள், கல்லையே பிளந்துவிடும். அது கான்கிரீட்டுக்கு உரியது. ஹாலோ பிளாக்கில் வலைக்குழாய் செருகி அதற்குள் கெமிக்கல் ஆங்கர், அதாவது பசையால் இறுகிப் பிடிக்கும் ஆங்கர். ஜிப்சம் சுவரென்றால் பின்னால் இருக்கும் சட்டங்களைக் கண்டுபிடித்து அவற்றில்தான் ஸ்க்ரூ இறங்க வேண்டும். பெரும்பாலும் 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் இருக்கும். பட்டை குறைந்தது இரண்டு சட்டங்களைத் தொடட்டும்.

ஸ்க்ரூவின் நீளம் கூட்டல் கணக்குதான். பட்டை 18 மி.மீ., பூச்சு 15 மி.மீ., பிளக் 50 மி.மீ. என்றால் 83. அதனால் 90 மி.மீ. வாங்குங்கள். பூச்சு எடை தாங்காது. பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் இருக்க வேண்டும்.

ஜிப்சம் பலகைக்கென்று விற்கும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். அது கெட்டியாக்கிய எஃகு, வளைந்து எச்சரிக்காமல் பட்டென்று ஒடியும்.

படி 4: துளை

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், அதன் பக்கவாட்டுக் கோட்டிலும் துளை போடாதீர்கள், வயர் அந்தக் கோடுகளில்தான் ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் குழாயையும் யோசியுங்கள். வயர் காட்டும் கருவி இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

120 செ.மீ. பட்டைக்கு ஐந்து துளைகள் போதும். பட்டையில் முதலில் போட்டு, அதையே சுவரில் வைத்துப் பென்சிலால் குறியுங்கள். செங்கல்லில் கல்லின் நடுவில் விழட்டும், சாந்து இணைப்பில் வேண்டாம். பிட்டில் செல்லோடேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டுக்கு ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுத்தாவது பயன்படுத்துங்கள், சாதாரண இம்பாக்ட் டிரில்லோடு மல்லுக்கட்டினால் துளை அகன்றுபோகும். இலேசு பிளாக்கிலும் ஹாலோ பிளாக்கிலும் டிரில்லின் ஹாமர் இயக்கத்தை அணைத்துவிட்டுத் துளையிடுங்கள்.

துளைக்குள் இருக்கும் தூளை ஊதி, பிரஷ் விட்டு எடுத்துவிடுங்கள். தூள் இருந்தால் பிளக் பிடிக்காது, கெமிக்கல் ஆங்கர் சுத்தமாகவே ஒட்டாது.

படி 5: சுவர் நேராக இல்லை

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த இடம் இது. விளக்கங்களில் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள்: ‘பட்டையை முடுக்கவும்’. பூசிய சுவர் பார்க்கத்தான் தட்டை. 120 செ.மீ. நேர்ச்சட்டம் ஒன்றைப் படுக்கவைத்துப் பாருங்கள், நடுவில் புடைப்பும் ஓரங்களில் பள்ளமுமாக 4, 5 மி.மீ. வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். பட்டையை அப்படியே முடுக்கினால் அது சுவரின் வளைவுக்கு வளைந்துவிடும். அலமாரிப் பட்டையோ நேராக இருக்கிறது. வளைந்ததும் நேரானதும் ஓரிரு இடங்களில் மட்டுமே தொடும். மொத்த எடையும் அந்த இடங்களில் நிற்கும், தட்டினால் அலமாரி ஆடும்.

தீர்வு ஆப்புதான், ஆனால் வைக்கும் வரிசை முக்கியம். நேர்ச்சட்டத்தை வைத்து எங்கே சுவர் அதிகம் புடைத்திருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூவை முதலில், ஆப்பில்லாமல், பட்டை சுவரைத் தொடும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பிறகு மற்ற ஸ்க்ரூக்களிடம் பட்டைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை நிரப்புங்கள். ஆப்பு ஸ்க்ரூ இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில் வைத்தால் முடுக்கும்போது பட்டை மறுபடியும் வளையும். ஒரு ஸ்க்ரூ முடுக்கியதும் பட்டையின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள், சரி என்றால் அடுத்தது. கடைசிச் சுற்றுகளுக்கு டிரில் வேண்டாம், கையால் திருப்புங்கள். அப்போதுதான் பட்டை வளையத் தொடங்கும் கணம் கைக்குத் தெரியும்.

ஆப்புக்கு நான் லேமினேட் ஷீட்டின் வெட்டுத்துண்டுகளைப் பயன்படுத்துகிறேன். ஒன்று ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன், அமுங்காது, கணக்குச் சுலபம். நடுவில் பிளவு வெட்டினால் ஸ்க்ரூவின் இருபுறமும் உட்காரும். அட்டையை மடித்து வைக்காதீர்கள். நாளாவட்டத்தில் நசுங்கும், ஈரம் பட்டால் இன்னும் மோசம்.

இதோடு மட்டமும் பார்க்க வேண்டும். புத்தக அலமாரி கொஞ்சம் சாய்ந்தால் கண்ணுக்குத்தான் உறுத்தும். இங்கே ஊசிமுனை அச்சுள்ள வேகன் தானாக உருண்டு அடுத்த பெட்டியின் கப்ளிங்கில் போய் இடிக்கும். ரசமட்டத்தை நம்புவதற்கு முன் அதையே சோதியுங்கள். குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, முனைகளை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி வேறு இடத்தில் நின்றால் கருவியில்தான் கோளாறு. கைபேசிச் செயலியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் அளக்காதீர்கள், அவையும் மட்டமாக இருக்கும் என்று உறுதியில்லை.

எல்லா ஸ்க்ரூக்களின் தலையும் பட்டைக்குள் புதைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தலை வெளியே நீட்டியிருந்தாலும் அலமாரி சரியாக உட்காராது.

படி 6: தூக்கி மாட்டுவது

கண்ணாடி, கழற்றக்கூடிய தட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பேர் வேண்டும். பட்டை கோர்க்க அலமாரியைச் சில செ.மீ. மேலே தூக்கி இறக்க வேண்டியிருப்பதால் கூரைக்கு அடியில் அந்த இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

மாட்டியதும் மாடல்களை வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டில் லிட்டருக்கு ஒரு கிலோ, இதைவிட எளிய எடைக்கல் கிடையாது. கண்ணாடியும் மாடல்களும் சேர்ந்து வரப்போகும் எடையைப்போல் ஒன்றரை மடங்கைத் தட்டுகளில் பரப்பி ஓர் இரவு விடுங்கள். காலையில் பட்டைக்கு மேலே பூச்சில் விரிசலோ, அலமாரி நகர்ந்த தடமோ இல்லையென்றால் கண்ணாடியைப் போடலாம். அப்புறம் அடிப்பட்டை வழியாகச் சுவருக்கு இரண்டு ஸ்க்ரூ. யாராவது கீழிருந்து முட்டித் தூக்கினாலும் அலமாரி கழன்று வராது.

கடைசியாக, நன்றாக உருளும் வேகன் ஒன்றை ஒவ்வொரு தட்டிலும் விட்டுப் பாருங்கள். அது நின்றால் வேலை முடிந்தது. பிறகு கீழ்த்தட்டிலிருந்து மேலாக அடுக்குங்கள்.

பின்சேர்க்கைகள்

கீல் கதவா, நகரும் கதவா என்று பலர் கேட்டிருந்தார்கள். மேலே சொன்ன அலமாரியில் மூடியிருக்கும்போது மேல் பட்டையைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை 4 கிலோ அளவுதான். மற்றதெல்லாம் கீழ்நோக்கிய எடை. இரண்டு கீல் கதவுகளையும் முழுக்கத் திறந்தால் அது 8 கிலோ அளவுக்குப் போகும். இந்த ஆழத்துக்கு ஒன்றும் ஆகாது. எச்ஓவைவிடப் பெரிய ஓ அளவு மாடல்களுக்கென்று 40 செ.மீ. ஆழமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட பெட்டி செய்தால் கதவு மூடியிருந்தாலே 20 கிலோ வெளியே இழுக்கும். அப்படிப்பட்டதற்கு அடியில் தாங்கியும் வையுங்கள். நகரும் கதவுக்கே என் ஓட்டு. படாரென்று சாத்தப்பட்டு மாடல்கள் தடம்புரளும் தொல்லையும் இல்லை.

அடுக்குகளின் உயரம் போதவில்லை என்று மின்சார எஞ்சின் வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருந்தார். எச்ஓ பெட்டி ஏறத்தாழ 47 மி.மீ. உயரம், ஆனால் பான்டோகிராஃப் (மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைச் சட்டம்) தூக்கியிருந்தால் 70 மி.மீ. வரை போகும், அதோடு தண்டவாளத்தின் உயரம் வேறு. 85 மி.மீ. விட்டால் கை போகவும் இடம் இருக்கும்.

ஓக் மரத்தில் செய்யலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அது அசிட்டிக் அமில ஆவியை விடும், ஈயத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். பழைய வார்ப்பு உலோக மாடல்களுக்கு நல்லதல்ல. சாயம் பூசிய எந்த அலமாரியும் வாசனை போகும்வரை திறந்தே காயட்டும். வெளிச்சுவரில் மாட்டுபவர்களுக்குப் பட்டையின் 18 மி.மீ. இடைவெளி வசதிதான், ஈரம் உலரக் காற்று போகும். அதை சிலிக்கான் பூசி அடைத்துவிடாதீர்கள்.

எல்இடி பட்டையின் ஒட்டுப்பசை நாளடைவில் விட்டு, விளக்கு எஞ்சின்மேல் விழுகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அலுமினியச் சட்டத்துக்குள் போட்டு ஸ்க்ரூவால் பிடியுங்கள். அதன் டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) சூடாகும், அதை அலமாரிக்கு வெளியே மேலே வையுங்கள்.