24 கம்ப்யூட்டருக்கு ஒரே பகலில் விண்டோஸ்: குளோன்ஜில்லா செய்முறை

மண்டபத்தில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் இறால், நண்டு ஏற்றுமதி ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் வரும். இந்தத் தடவை ஓர் ஆபீஸில் ஒரே மாடலில் 24 மெஷின் இறங்கியிருந்தது. "போட்டு கடலுக்குப் போறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க தம்பி" என்றார் மேனேஜர்.

ஒவ்வொன்றாக உட்கார்ந்து விண்டோஸ், டிரைவர், டாலி, பிரிண்டர், தமிழ் கீபோர்டு என்று போட்டால் மெஷினுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் 48. அதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் பக்குவமாகத் தயார் செய்து (அதுதான் தாய் மெஷின்) மற்ற 23-லும் அதையே இறக்கலாம். இப்படி முழு டிஸ்க்கையும் நகலெடுக்கும் சாஃப்ட்வேர்தான் குளோன்ஜில்லா, இலவசம். ஒரு பென் டிரைவ், ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச், கேபிள்கள் இருந்தால் போதும். தனி சர்வர் வேண்டாம்.

1. தாய் மெஷின்

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் 11-ஐயே போடுங்கள். மெஷினோடு வந்த லைசென்ஸ் ப்ரோ என்றால் தாயிலும் ப்ரோதான் இருக்க வேண்டும். மாறினால் ஆக்டிவேட் ஆகாது. இப்படி நகலெடுத்துப் போட மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் வால்யூம் லைசென்ஸும் தேவை. ஆபீஸில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்ஸ்டால் முடிந்து எந்த நாடு என்று கேட்கும் திரை வரும். எதையும் தொடாமல் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி ஆடிட் மோடுக்குள் போகும். யூசர் கணக்கு எதுவும் உருவாக்காமலேயே சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுக்கொள்ளலாம். நெட் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். நெட் இருந்தால் ஸ்டோர் ஆப்கள் தானாக அப்டேட் ஆகி அடுத்த படியில் வேலையைக் கெடுக்கும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள்.

2. சிஸ்பிரெப்

மெஷினின் பெயர், அடையாள எண் எல்லாவற்றையும் துடைத்து நகலெடுக்கத் தயார் செய்வது சிஸ்பிரெப். விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் சிஸ்பிரெப் ஃபோல்டர் இருக்கும். அதைத் திறந்து ஓட்டுங்கள். ஓ.ஓ.பி.இ.யை (அடுத்து ஆன் செய்யும்போது முதல் அமைப்புத் திரை வரச் செய்வது) தேர்ந்து, ஜெனரலைஸ் கட்டத்தில் டிக் அடித்து, கீழே ஷட்டவுன் கொடுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் தாண்டிப் போவது இதைத்தான். நானும் ஆரம்பத்தில் தாண்டினேன். எல்லா மெஷினும் ஒரே பெயரோடு எழுந்து நின்றன. பிரிண்டர் ஷேரிங் எதற்குப் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பெயரையாவது மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் எஸ்.ஐ.டி. என்ற அடையாள எண் அப்படி மாறாது. முன்பெல்லாம் அது ஒன்றாக இருந்தாலும் வண்டி ஓடியது. 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து வரும் விண்டோஸ் 11 அப்டேட்களில், ஒரே எஸ்.ஐ.டி. உள்ள மெஷின்கள் ஒன்றுக்கொன்று ஷேர் ஃபோல்டரையோ ரிமோட் டெஸ்க்டாப்பையோ திறக்க விடுவதில்லை. சரியான பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கேட்கும்.

ஷட்டவுன் ஆன பிறகு அந்த மெஷினை அதன் சொந்த டிஸ்க்கிலிருந்து ஆன் செய்யாதீர்கள். செய்தால் முதல் அமைப்பு தொடங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து.

3. இமேஜ் எடுத்தல்

இமேஜ் என்பது முழு டிஸ்க்கின் நகல். குளோன்ஜில்லா லைவ் ஐ.எஸ்.ஓ. ஃபைலை ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேர் மூலம் பென் டிரைவில் ஏற்றி, தாயை அதிலிருந்து பூட் செய்யுங்கள். டிவைஸ்-இமேஜ், லோக்கல்-டெவ், எக்ஸ்டர்னல் டிஸ்க், பிகினர், சேவ்-டிஸ்க் என்று வரிசையாகப் போகும். டேட்டா இருக்கும் இடத்தை மட்டும்தான் இது எடுக்கும், சுருக்கவும் செய்யும். எனக்கு 256 ஜி.பி. டிஸ்க்கில் இருந்தது சுமார் 20 ஜி.பி. இமேஜாக வந்தது. முடிவில் இமேஜைச் சரிபார்க்கவா என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள்.

4. கேபிள்

இதை எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள், நம் கரையில் இதுதான் பாதி வேலை. மல்டிகாஸ்ட் முறையில் தாய் மெஷின் ஒரே தடவைதான் அனுப்பும், 23-ம் ஒன்றாக வாங்கிக்கொள்ளும். அதில் ஒன்று மெதுவாக வாங்கினால் மொத்தமும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். கரைவலை இழுக்கிற மாதிரிதான்.

எனக்கு அன்று நிமிடத்துக்கு ஒரு ஜி.பி.யைத் தாண்டவே இல்லை. சுவிட்சைப் பார்த்தேன். எல்லா போர்ட்டிலும் பச்சை, 17-ல் மட்டும் மஞ்சள். கேபிளை உருவி வெளிச்சத்தில் பிடித்தால், ஜாக்கின் ஒரு பின்னில் பாசி பிடித்தாற்போலப் பச்சைக் களிம்பு. கச்சான் என்ற பருவக் கடல்காற்றின் உப்பு. கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும், 100 எம்.பி.பி.எஸ்.-க்கு நான்கே போதும். அதனால் ஒரு கம்பி போனதும் அந்த போர்ட் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கியிருந்தது. 20 ஜி.பி. அந்த வேகத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். ஜாக்கை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தேன். கூட வந்த பையன், "நூறு ரூவா ஜாக்குக்கா அண்ணே இவ்வளவு நேரம்?" என்றான். ஜாக் நூறு ரூபாய் கூட வராது.

5. இறக்குதல்

சுவிட்சிலிருந்து ஆபீஸ் ரூட்டரைக் கழற்றுங்கள்; ரூட்டரும் குளோன்ஜில்லாவும் என இரண்டு பேர் ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) கொடுத்தால் குழப்பம். மெஷின்களின் பயாஸ் செட்டிங்கில் செக்யூர் பூட் வசதியை ஆஃப் செய்து, நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆவதை முதலில் வையுங்கள்.

தாயை மறுபடி பென் டிரைவில் பூட் செய்து லைட்-சர்வரைத் (தாயே மற்றவற்றுக்கு அனுப்பும் முறை) தேர்ந்தெடுங்கள். டி.எச்.சி.பி.யை, அதாவது ஐ.பி. கொடுக்கும் வேலையை, குளோன்ஜில்லாவே பார்க்கட்டும். பிறகு இமேஜிலிருந்து, ரெஸ்டோர்-டிஸ்க், மல்டிகாஸ்ட், காத்திருக்க வேண்டிய மெஷின் 23. எல்லாவற்றையும் ஆன் செய்யுங்கள். கடைசி மெஷின் வந்து சேர்ந்ததும் தானாகத் தொடங்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான், அதனால் தாய்க்கும் சுவிட்சுக்குமாவது யு.பி.எஸ். இருக்கட்டும்.

முடிந்ததும் தாயையும் சாதாரணமாக ஆன் செய்தால் அதுதான் 24-வது. செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, அதே பெயரை கேபினட்டில் ஸ்டிக்கராக ஒட்டுங்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு, மேலே தேதி எழுதி ஆபீஸ் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். வெளியே வைத்தால் அடுத்த கச்சானுக்குள் அந்த யு.எஸ்.பி. முனையும் பச்சை பிடித்துவிடும்.