கடலடி மின்கேபிளில் பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும் கேபிள் பழுதுபட்டால், துடிப்பெதிரொலிக் கருவி காட்டுவது இடத்தை அன்று, நேரத்தை. அனுப்பிய துடிப்பு பழுதில் பட்டுத் திரும்ப ஆன மைக்ரோவிநாடிகளைக் கடலடியில் ஒரு புள்ளியாக மாற்றும்போதுதான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன.

முதல் தவறு, துடிப்பின் வேகத்தைக் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வது. எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்குப் பிணைப்பு பாலிஎத்திலீன்) என்ற பிளாஸ்டிக்கால் காப்பிட்ட கேபிளில் அது மைக்ரோவிநாடிக்கு ஏறத்தாழ 160 முதல் 170 மீட்டர்; ஆனால் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழுதுக்கு ஒரு சதவீதப் பிழையே 400 மீட்டர் விலகலாகிவிடும். அதே கேபிளின் நல்ல கடத்தி ஒன்றில் மறுமுனை எதிரொலியைப் பிடித்து, அறிந்த நீளத்தைக் கொண்டு வேகத்தைச் சரிசெய்வதும், இயன்றால் இரு முனைகளிலிருந்தும் அளந்து, கூட்டினால் மொத்த நீளம் வருகிறதா என்று பார்ப்பதும் நல்லது.

கிடைத்த நீளத்தை நேராகக் கடல் வரைபடத்தில் வைத்துவிடுவது அடுத்த தவறு. மூன்று கடத்திகளும் முறுக்கிச் சுற்றப்பட்டிருப்பதால் கடத்தி கேபிளைவிட நீளமானது. கேபிளோ, கோபுரத்தினுள் ஏறும் பகுதியாலும் முந்தைய பழுதுபார்ப்பில் விட்ட வளைவுகளாலும் வரைபடப் பாதையைவிட நீளமானது. கடத்தியின் மின்தடையை ஒப்பிட்டுப் பழுதின் தொலைவைக் கணிக்கும் முர்ரே பாலம் என்ற மின்சுற்றால் அளப்பவர்கள், கரைப்பகுதியில் கடத்தியின் குறுக்குவெட்டோ உலோகமோ மாறுவதைக் கணக்கில் சேர்க்க மறந்தாலும் இதே கதிதான்.

பழுதின் மின்தடை உயர்வாக இருந்தால் குறைந்த மின்னழுத்தத் துடிப்பு அதைக் காணாமலே கடந்துவிடும். அப்போது கேபிள் நலமென்று முடிவுகட்டுவதும், ஜாயிண்டின் (கேபிள் துண்டுகளை இணைத்த இடத்தின்) எதிரொலியைப் பழுதென்று கொள்வதும் நடக்கின்றன; கேபிள் இயக்கத்துக்கு வந்தபோது எடுத்த பதிவோடு ஒப்பிட்டால் பின்னது தெளிந்துவிடும். உயர்மின்னழுத்தத்தால் பழுதில் தீப்பொறி எழுப்பி, அந்நொடியில் துடிப்பை அனுப்புவதே முன்னதற்கு வழி. ஆனால் பொறுமையிழந்து திரும்பத் திரும்ப உயர்மின்னழுத்த அடி கொடுத்தால் நல்ல ஜாயிண்டுகளும் நலிவுறும். சோதனைக்குப் பின் கேபிளில் தங்கும் மின்னூட்டம் ஆளைக் கொல்லக்கூடியது என்பதால், கேபிளைத் தொடுமுன் மின்னிறக்கம் செய்து எர்த் செய்யாமல் இருப்பது மன்னிக்க முடியாத தவறு.

கேபிளுக்குள் ஓடும் கண்ணாடியிழை அறுந்த இடமே மின்பழுதின் இடம் என்று கருதுவதும் கூடாது. நங்கூரம் இழுத்த கேபிளில் இரண்டும் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும், கடத்தியில் குறையலைவெண் சமிக்ஞை செலுத்தி, நீர்மூழ்கி ரோபோவின் உணரி கொண்டு அது மறையும் இடத்தை உறுதிசெய்யாமல் வெட்டக் கூடாது. தவறான இடத்தில் வெட்டினால் அங்கும் ஜாயிண்ட் போட வேண்டும். அதற்கு உதிரிக் கேபிளும் கப்பல் நாள்களும் கூடுதலாகச் செலவாகும்.