நோட்டீஸ் அடிக்கும் முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டுங்கள்

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சின்ன சபைக்குப் போகிறோம். ஊரில் அசனப் பண்டிகைக்கு, அதாவது சபை போடும் பொது விருந்துக்கு, நோட்டீஸே வேண்டாம், மணி அடித்தால் தெருவே பந்தியில் உட்கார்ந்துவிடும். இங்கே அப்படி இல்லை. அக்கம்பக்கத்தாருக்காக வருஷத்துக்கு ஒரு நாள் மருத்துவ முகாமும் மதியச் சாப்பாடும் வைக்கிறோம். ஆறு தடவை நடத்தியாயிற்று, அதில் இரண்டு சொதப்பல். ஊரிலிருந்து புதிதாக இங்கே ஊழியத்துக்கு வந்திருக்கிற ஒரு குடும்பம் “எப்படி அக்கா செய்றீங்க?” என்று கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் தேதி. எங்கள் முதல் சொதப்பலே அதில்தான். செப்டம்பர் 24 பாரம்பரிய நாள், அரசு விடுமுறை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டோம். 200 பேருக்குச் சிக்கன் பிரியாணி. வந்தவர்கள் அறுபது பேர்கூட இல்லை. சாயங்காலம் மிச்சப் பொட்டலங்களோடு பக்கத்து வீட்டு அக்காவின் கேட்டில் போய் நின்றேன். அக்கா உள்ளே வாங்கவே இல்லை. “புரட்டாசி மாசம்மா, கோழி யாரு சாப்புடுவா?” என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தமாக ஐம்பது வார்த்தை இருக்கும். அதில் புரட்டாசி ஒன்று.

1860இல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வரத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள்தான் அக்காவைப் போன்ற இங்குள்ள தமிழர்கள். தமிழ்ப் பேச்சு போய்விட்டது, விரதம் போகவில்லை. ஊரில் சனிக்கிழமை மட்டும் சைவம் என்று சமாளிப்பவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மாதம் முழுக்கக் கறி வாங்காத வீடுகள் ஆச்சரியம்தான்.

அதற்கப்புறம் தேதி குறிக்குமுன் அக்காவின் சமையலறைச் சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரைப் பார்த்துவிடுவேன். தைப்பூசத்துக்கும் சித்திரைக்கும் காவடி. பெரிய வெள்ளிக்கு நாம் சபை ஆராதனையில் இருப்போம். அதே நாட்களில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலிலும் ஆயிரக்கணக்கில் கூட்டம். ஆடியில் வாரக் கடைசியெல்லாம் கூழ். புரட்டாசி முடிந்தால் தீபாவளி. அப்புறம் மழையும் டிசம்பர் விடுமுறையும். கடைசியில் மிஞ்சுவது மே கடைசியும் ஜூனும்தான். குளிர்காலம், மழை குறைவு. ஆனால் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், இருட்டில் நடந்து போக யாருக்கும் மனம் வராது. மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மாதத்தின் முதல் வாரம் வேண்டவே வேண்டாம். அரசாங்க முதியோர் உதவித்தொகை அப்போதுதான் வரும். நீங்கள் யாருக்காக முகாம் போடுகிறீர்களோ அந்த ஆயாக்கள் எல்லோரும் சூப்பர் மார்க்கெட் வரிசையில் நிற்பார்கள். நாங்கள் மூன்றாம் சனிக்கிழமை வைக்கிறோம். பர்ஸ் காலியாகிற நேரம், ஒருவேளைச் சாப்பாடு மெய்யாகவே உதவும்.

இடத்துக்குப் பள்ளிக்கூட ஹால் நல்லது. பள்ளி நிர்வாகக் குழுவுக்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். 2000 பேருக்கு மேல் கொள்ளும் இடமென்றால் 2010ஆம் ஆண்டின் நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் வரும், போலீஸ் திட்டம் அது இதென்று நீளும். நம் அளவுக்கு அது வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு குழாய்த் தண்ணீரை நாங்கள் நம்புவதில்லை. முந்தின இரவே டிரம்களை நிரப்பி வைத்துவிடுவோம்.

சாப்பாடு என்றால் வெஜிடபிள் பிரியாணிதான், புரட்டாசி இல்லாவிட்டாலும். இந்து வீடும் முஸ்லிம் வீடும் ஒரே பந்தியில் உட்கார அதுதான் வழி. பாத்திரம் வாடகைக்கு எடுக்கும்போது சைவத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் செட்டைக் கேளுங்கள், அதை வருகிறவர்களிடம் சொல்லவும் செய்யுங்கள். கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்பது என் கணக்கு. இந்த ஊர் பிரியாணியில் மசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்வதால் கொஞ்சம் கூடவே வரும். பக்கத்தில் பருப்புக் குழம்பும் தயிர்ப் பச்சடியும் இல்லாவிட்டால் டர்பன்காரர்கள் அதைப் பிரியாணி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிரசங்கம் முடிந்தால்தான் சோறு என்று மட்டும் வைக்காதீர்கள். பசித்தவரை வரிசையில் உட்காரவைத்துச் சொல்லும் வசனம் காதில் ஏறாது. போதகர் ஐயா இதற்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஜெபம் வேண்டுமென்பவர்களுக்கு ஓரத்தில் ஒரு அறை, அதில் இரண்டு நாற்காலி. விரும்புகிறவர்கள் வருகிறார்கள்.

சரி, நோட்டீஸ். இரண்டாவது சொதப்பல், என்னுடையது. ஊர்ப் பழக்கத்தில் “இலவச சுகர் டெஸ்ட்” என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டு என் செல் நம்பரையும் கொடுத்தேன். இரவு பத்து மணிக்கு ஒரு அம்மா கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, “பையனைக் கூட்டி வரணுமா, இல்லை மூத்திரம் மட்டும் கொண்டுவந்தால் போதுமா?” என்று கேட்டார். “அதெல்லாம் வேண்டாம்மா, விரலில் லேசாகக் குத்தினால் போதும், சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடும்” என்றேன். அந்தப் பக்கம் அழுகை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் அக்காவிடம் நோட்டீஸைக் காட்டியபோதுதான் தெரிந்தது. சாட்ஸ்வொர்த்தில் ‘சுகர்ஸ்’ என்றால் ஹெராயின் கலந்த போதைப்பொருள். தெருமுனையில் மலிவாகக் கிடைக்கும், வீட்டுப் பாத்திரம்வரை விற்றுத் தின்றுவிடும். சபை வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது என்று அந்தத் தாய் நம்பிவிட்டார்.

அந்த வருஷம் நோட்டீஸை மறுபடி அடித்தோம், ‘டயபெடிஸ்’ என்று. அடுத்த வருஷத்திலிருந்து போதை மறுவாழ்வு மையத்தில் வேலை செய்யும் ஒருவரையும் வரவழைக்கிறோம். அவருக்கு மேஜை முன்வாசலில் இல்லை, பின்பக்க வகுப்பறையில். அங்கே போகும் தாயைத் தெரு பார்க்கக் கூடாது. நோட்டீஸில் அதற்கு ஒரே ஒரு வரி.

நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து வருகிறவர்களுக்காக ஜூலு மொழியில் நாலு வரி. தமிழில் தலைப்புப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆயா தாளை வாங்கி எழுத்தை விரலால் தடவி, “கோலம் மாதிரி இருக்கு” என்றார். படிக்கத் தெரியாது. இருந்தாலும் தலைப்பை எடுக்கவில்லை. சபைப் பெயரை மறைக்காமல் மேலேயே போடுங்கள். ‘சமூக விழா’ என்று மழுப்பி அழைத்துவிட்டு உள்ளே சிலுவையைக் காட்டினால் அடுத்த வருஷம் கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

விளக்குக் கம்பத்தில் ஒட்டாதீர்கள், மாநகராட்சி அனுமதி வேண்டும். ‘ரைசிங் சன்’ உள்ளூர்ப் பத்திரிகைக்கு இரண்டு வாரம் முன்பே நாலு வரி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை இங்குள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறி வாங்க வருகிறவர்கள் கையில் கொடுங்கள், ஆனால் பைநிறையக் கத்திரிக்காயோடு திரும்புகிறவரிடம் நீட்டாதீர்கள், உள்ளே நுழைகிறவரிடம் கொடுங்கள். வாட்ஸப் படம் நூறு குழுக்களுக்குப் போகும், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். வருகிறவர்களிடம் “எப்படித் தெரியும்?” என்று கேட்டு எழுதிவைத்தேன். சலூன்காரர் சொன்னார், மருமகள் சொன்னாள், இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே எங்கள் பெண்கள் ஆளுக்குப் பத்து வீடு பிரித்துக்கொண்டு, முந்தின சனிக்கிழமை காலையில் நேரில் போகிறார்கள். போய்விட்டு, வியாழக்கிழமை மறுபடி ஒரு தடவை.

முகாமுக்குப் பதிவு பெற்ற நர்ஸ் வேண்டும், ஊசிகளைப் போடத் தனி டப்பா வேண்டும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இங்கே சர்க்கரை அளவு மில்லிமோலில், ஊரில் போல மில்லிகிராமில் இல்லை. முதல் தடவை ஒரு தாத்தாவின் சீட்டில் 14 என்று பார்த்துவிட்டு, “ரொம்பக் குறைச்சலா இருக்கே, மிட்டாய் கொடுக்கவா?” என்று ஓடினேன். நர்ஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஊர்க் கணக்குக்குப் பதினெட்டால் பெருக்குங்கள், 252 வரும். சாப்பிட்டு வந்தவருக்கு 11.1க்கு மேல் இருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்கு ஒரு கடிதம். எண்ணை உரக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதி மடித்துக் கொடுங்கள். வரிசையில் பின்னால் நிற்பது சம்பந்தியாகவும் இருக்கலாம்.

பெயரும் போன் நம்பரும் வாங்குவதானால் எதற்கென்று சொல்லி, கையெழுத்து வாங்கியே வாங்குங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது, சபைக்கும் சேர்த்துத்தான். டயபெடிஸ் பட்டியலை எடுத்து ஞாயிறு ஆராதனைக்கு அழைக்கக் கூடாது. அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை நர்ஸ் போன் செய்து, கிளினிக்குக்குப் போனார்களா என்று கேட்பார்.

பாத்திரங்களைத் திங்கள் மதியத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள் வாடகை. அடிப்பிடித்த அண்டாவை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துவிடுங்கள். போன தடவை அக்காவும் நாரோடு வந்து உட்கார்ந்துகொண்டார். தேய்த்துக்கொண்டே, அடுத்த நோட்டீஸில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார், கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லையாம்.