கூட்டு நடத்தை: இயற்பியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் இளநிலை இயற்பியல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். தனித் துகளில் இல்லாத பண்பு, பல துகள்கள் சேரும்போது தோன்றுவதைக் கூட்டு நடத்தை என்கிறோம். அதைப் பற்றி எழுதும்போது, ஆண்டுதோறும் முகங்கள் மாறினாலும் பிழைகள் மாறுவதில்லை. அலகு எழுத மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

அடிப்படை விதிகள் தோற்றுவிட்டன என்று எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 'சயன்ஸ்' இதழில் 1972இல் இயற்பியலாளர் பி. டபிள்யூ. ஆண்டர்சன் எழுதிய கட்டுரையைக் காட்டி, எல்லாம் சில அடிப்படை விதிகளுக்குள் அடங்கும் என்னும் குறைத்தல்வாதத்தை அவர் வீழ்த்திவிட்டார் என்கிறார்கள். அவரோ அதை முழுமையாக ஏற்றுக்கொண்டே எழுதினார். எதையும் எளிய விதிகளாகப் பிரித்துக் காட்டலாம் என்பது ஒரு கூற்று. அவ்விதிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உலகை மீண்டும் கட்டியெழுப்பலாம் என்பது வேறொரு கூற்று. அவர் மறுத்தது இரண்டாவதை.

மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தியைப் பாருங்கள். பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வின் அளவில் மறைவதைக் காமர்லிங் ஓன்ஸ் 1911இல் கண்டார். குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாடு 1926இல் வந்தது. ஆனால் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகியோரின் விளக்கம் 1957இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் குறைவாக இருந்தது சமன்பாடு அன்று. எலக்ட்ரான்கள் இணைசேர்ந்து ஒரே கூட்டு நிலையில் ஒருங்குகின்றன என்னும் கருத்து. ராயபுரத்து மாணவர் ஒருவர் முதுநிலைச் சேர்க்கை நேர்காணலில், மீக்கடத்தியில் குவாண்டம் விதிகள் பொருந்தா என்று துணிந்து சொல்லிவிட்டார். "அப்படியானால் எந்த விதி பொருந்தும்?" என்று கேட்டிருக்கிறார்கள். மீதி நேரம் முழுவதும் அந்தக் கேள்வியிலேயே கழிந்தது. அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஒரு நீர் மூலக்கூறு நனைக்குமா?

ஈரம் தனி மூலக்கூறின் பண்பன்று, திரளின் பண்பு என்று காட்டப் பலர் இப்படிக் கேட்கிறார்கள். இதைக் கேட்பதோடு விடையை முடித்துவிடாதீர்கள்; அது எப்படித் தோன்றுகிறது என்றும் சொல்லுங்கள்.

எல்லா நெரிசலையும் கூட்டு நடத்தை என்பது

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகம் நோக்கி நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசையைப் பலர் எடுத்துக்காட்டாக எழுதுகிறார்கள். வாயிலில் சோதனை தாமதமானால் வரிசை நீளும். காரணம் வெளியே இருப்பதால் இதில் வியப்பொன்றும் இல்லை. ஜப்பானில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான சோதனையில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்கள் ஓடின. வழியில் எந்தத் தடையும் இல்லாதபோதும் நெரிசல் தானே உருவாகி, கார்கள் முன்னே செல்ல, அது பின்னோக்கி நகர்ந்தது. எழுத வேண்டிய எடுத்துக்காட்டு இதுவே.

நுண்விவரம் கூடினால் விளக்கம் ஆழமாகும் என்று நம்புவது

நீர், ஏறத்தாழ 374 டிகிரி செல்சியஸில் உள்ள தன் மாறுநிலைப் புள்ளியை, அதாவது திரவமும் ஆவியும் வேறுபாடின்றி ஒன்றாகும் நிலையை, நெருங்கும்போது, அவ்விரண்டுக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு ஓர் அடுக்குவிதிப்படி, அதாவது அப்புள்ளிக்கு இன்னும் உள்ள வெப்பநிலை இடைவெளியின் ஓர் அடுக்காக, மறைகிறது. அந்த அடுக்கு எண் சுமார் 0.326. ஒரே அச்சின் வழியே மட்டும் காந்தமாகும் ஒற்றை அச்சுக் காந்தங்களில், அவற்றின் மாறுநிலை வெப்பநிலையை நெருங்கும்போது காந்தமாக்கம் மறைவதும் அதே எண்ணின்படிதான். மூலக்கூறுகளின் விவரம் அங்கே செல்லாக்காசு. பரிமாணமும் சமச்சீர்மையுமே எஞ்சுகின்றன. இது ஏன் என்பதை விளக்கியதற்காகக் கென்னத் வில்சன் 1982இல் நோபல் பரிசு பெற்றார். எந்த விவரம் உதிர்கிறது, எது தங்குகிறது என்று குறிப்பிடாத விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருகிறேன்.