மாடியில் சின்ன வெங்காயம்: தண்ணியைக் குறைச்சாலே பாதி வேலை முடிஞ்சது

மாடித் தோட்டத்துக்கு பெல்லாரி, அதாவது பெரிய வெங்காயம், வேண்டாம்னுதான் சொல்லுவேன். விதை தூவி, நாத்து எடுத்து, பிடுங்கி நட்டு, நாலு மாசம் காத்துக் கிடக்கணும். சின்ன வெங்காயத்தை விதையில்லாம, முழு வெங்காயமாவே (அதைத்தான் காய்னு சொல்றோம்) நட்டா 65, 70 நாள்ல கைக்கு வந்துடும்.

எங்க கோயம்புத்தூர் பக்கம் வைகாசிப் பட்டம், ஐப்பசிப் பட்டம்னு நடவுப் பருவம் ரெண்டு. மாடிக்கு வைகாசியே நல்லது. ஐப்பசி அடைமழையில பை ஊறிப்போனா காய் அழுகிடும்.

விதைக்காய் விஷயத்துல மட்டும் அவசரம் கூடாது. புதுசா பிடுங்கின வெங்காயம் லேசுல முளைக்காது. அது தூங்கி எழணும். ரெண்டு மாசமாவது காத்தாட வெச்ச பழைய காயா, நடுத்தர அளவுல, கெட்டியா இருக்கிறதாப் பார்த்து எடுங்க. அமுக்கினா மெத்துனு இருந்தா குழம்புக்குப் போகட்டும்.

வேர் மேலாகவே ஓடும், அதனால ஆழமான பை தேவையில்லை. அகலமா, எட்டு அங்குல ஆழத்துல ஒரு தொட்டி போதும். அடியில ஓட்டை கட்டாயம். செம்மண் ரெண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கூட ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. கொஞ்சம் சூடோமோனாஸையும் (நோயைத் தடுக்கிற நல்ல பாக்டீரியா) கலந்துட்டா அழுகல் குறையும். வேர்ப்பக்கம் கீழே வெச்சு, கழுத்து மண்ணுக்கு மேல தெரியற மாதிரி, 10 செ.மீ. இடைவெளியில ஊனுங்க. நாள் முழுக்க வெயில் படற இடமா இருக்கணும்.

நட்டதும் ஒரு தண்ணி, மூணாம் நாள் உயிர்த்தண்ணி. அதுக்கப்புறம் விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பார்த்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. பாசம் அதிகமாகி தினமும் ஊத்துற வீட்டுலதான் வெங்காயம் விளையறதில்லை!

இலையில வெள்ளி மாதிரி கோடு விழுந்தா இலைப்பேன்ங்கிற சாறு உறிஞ்சுற பூச்சி. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் தெளிங்க. தாள் (வெங்காய இலை) முறுக்கிக்கிட்டு கழுத்து நீண்டா அது திருகல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கித் தூரப் போடுங்க. சாணியும் யூரியாவும் அள்ளிப் போட்டா தாள் மட்டும் தளதளன்னு வரும், காய் பருக்காது.

பூண்டும் கேப்பீங்க. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அது விளையற மலைக்குளிர் நம்ம மாடியில ஏது? பல்லை ஊனினா தாள் வரும், ரசத்துக்கு நறுக்கிப் போடலாம். கட்டிப் பூண்டை எதிர்பார்க்காதீங்க.

தாள் மஞ்சளாகி மடிஞ்சு விழ ஆரம்பிச்சா தண்ணியை நிறுத்திடுங்க. பத்து நாள் கழிச்சு தாளோட பிடுங்கி, நிழல்ல காயவெச்சு, கொத்துக் கொத்தாக் கட்டி காத்தோட்டமான இடத்துல தொங்க விடுங்க. பிளாஸ்டிக் பைக்குள்ள மட்டும் போட்டுடாதீங்க. பொடிக்காயை முதல்ல சமையலுக்கு எடுத்துட்டு, நடுத்தரக் காயை அடுத்த பட்டத்துக்கு ஒதுக்குங்க.