3500 கிலோ இழுக்கும்னு நம்பி யூட் வாங்காதீங்க

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணா, யூட் (ஆஸ்திரேலியால பிக்கப் வண்டிய இப்படித் தான் சொல்லுவோம்) பார்த்துட்டேன், 3500 கிலோ இழுக்குமாம், கேம்பிங் டிரெய்லர் 2400 தான், ஆயிரம் கிலோ மிச்சம்"னான். ஆறு வருஷம் முன்னாடி நான் வீட்ல பேசுன அதே வசனம்! ஆயில் பாருங்க, காத்து பாருங்கன்னு நான் சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும்.

அந்த 3500

ஆஸ்திரேலியால ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ்னு எந்த ஃபோர்வீல் டபுள் கேப் பார்த்தாலும் பெரும்பாலும் 3500னு தான் போட்டிருக்கும். நீங்க பாக்க வேண்டியது ஜிவிஎம், ஜிசிஎம். முதலாவது, ஆளு சாமான் எல்லாம் ஏத்துன வண்டியோட மொத்த எடைக்கு வரம்பு, ரெண்டாவது வண்டியும் டிரெய்லரும் சேந்த மொத்த எடைக்கு வரம்பு.

என் பழைய வண்டில ஜிவிஎம் 3100, ஜிசிஎம் 5950. அதாவது வண்டிய ஃபுல்லா நிரப்பிட்டா டிரெய்லருக்கு மிச்சம் 2850 தான், 3500 எங்க போச்சுன்னு யாரும் சொல்லல. அத விட மோசம் ஜிவிஎம். வெறும் வண்டி 2150, ஏத்த 950 இருக்கேன்னு சந்தோஷமா கேனபி 150, புல் பார் வின்ச் 90, ட்ராயர் ஃபிரிட்ஜ் 100, ரெண்டாவது பேட்டரி 30, ரூஃப் ரேக் ஆனிங் 50, தண்ணி டீசல் கேன் 60, நாங்க நாலு பேரு 270ன்னு ஏத்திக்கிட்டே போனேன், டிரெய்லர மாட்டற இரும்பு உருண்டை (டோ பால்) மேல டிரெய்லர் அழுத்தற 240 கிலோவும் இதே கணக்குல தான் வரும்னு அப்ப தெரியாது. எடை மேடைல 3140 காட்டுச்சு. டோ பால், பின் ஆக்ஸிலுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கறதால நெம்புகோல் மாதிரி முன்பக்கத்த தூக்கி, அந்த 240ஐ பின் ஆக்ஸில்ல 300க்கு மேல ஆக்கிடும்.

கடைக்காரர் "பின் சஸ்பென்ஷன்ல ஏர்பேக் (காத்தடைச்ச பை) போட்டா சரியாயிடும் சார்"னார். போட்டேன், பின்பக்கம் நிமிர்ந்துச்சு, ஆனா தாங்கற எடை ஒரு கிலோ கூட ஏறல, சுமை மட்டும் சேஸில ஒரே இடத்துல குத்துச்சு. ஊட்னடாட்டா டிராக்ல வரிவரியான மண்ரோட்ல ரெண்டு நாள் ஆடுனதுல கேபினுக்கும் ட்ரேவுக்கும் நடுவுல மேல இடைவெளி விரிஞ்சிருச்சு, சேஸி வளைஞ்சிருக்கு. இன்சூரன்ஸ்ல மொதல்ல கேட்டது எடை சீட்டு. இப்ப நினைச்சாலும் எரியுது.

ஜிவிஎம் அப்கிரேட் பண்ணிக்கலாமேன்னு கேப்பீங்க. பண்ணலாம், ஆனா ஜிசிஎம் ஏறலன்னா வண்டில கூட்டுனத டிரெய்லர்ல குறைக்கணும்.

பிரேக் கன்ட்ரோலர்

டிரெய்லர் 2000 கிலோவ தாண்டினா எல்லா வீல்லயும் பிரேக்கும், கழண்டா தானா பிடிக்கிற பிரேக்அவேவும் சட்டப்படி வேணும். டிரெய்லர் பிரேக்க டிரைவர் சீட்ல இருந்தே இயக்கற கன்ட்ரோலர் செலவையும் வண்டி விலையோட சேத்துக்கோங்க.

டோ பால்

சாதா 50 மில்லிமீட்டர் டோ பால் மேடு பள்ளமான ரோட்டுக்கு ஆகாது.

பார்ட் டைம் ஃபோர்வீல்

காஞ்ச தார் ரோட்ல ஃபோர்வீல் போட்டா டிரான்ஸ்மிஷன் முறுக்கிக்கும். மழைல இழுக்கணும்னா மிட்சுபிஷி டிரைட்டன்ல வர்ற சூப்பர் செலக்ட் மாதிரி தார்லயும் ஓட்டற வசதி இருக்கான்னு பாருங்க.

ஸ்பேர் வீல்

வண்டிக்கும் டிரெய்லருக்கும் ஒரே ஸ்டட் பேட்டர்ன் (வீல் போல்ட் அமைப்பு) இருக்கான்னு பாருங்க.

தம்பி இப்ப 1600 கிலோ டிரெய்லர் தேடறான். அதுல கிச்சன் சின்னதாம், அவன் வீட்டுக்காரம்மா என்மேல கோவமா இருக்காங்களாம்.